போன வியாழன் அய்யலூரில் இருந்தாராம்

மார்ச் 28, 2024 – வியாழன்

இன்றும் விடியுமுன்னே முழிப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை என்றால் உடம்பு தானாக எழுந்துகொள்கிறது. அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க அவர் கிளம்புவார், நான் டீ போட்டுக் கொடுப்பேன். அவர் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல.

பள்ளிக்கூடத்தில் புழுக்கம் தாங்க முடியவில்லை. சத்துணவு அமைப்பாளர் என்று பேர்தான் பெரிசு. அரிசி அளந்து, முட்டை எண்ணி, சமையல்காரம்மாவோடு சண்டை போட்டு நாள் போகிறது. இந்தத் தேர்தலுக்கும் எங்கள் பள்ளிக்கூடம்தான் ஓட்டுச்சாவடி. பூத்துக்கு வருகிறவர்களுக்கு நாங்கள்தான் சமைக்க வேண்டும். "காரம் கம்மியா போடுங்க மணிமேகலை, போன எலக்‌ஷன்ல ஒரு சாருக்கு வயித்தால போச்சு" என்றார் ஹெச்.எம். அவருக்குப் போனது வெயிலால், என் சாம்பாரால் இல்லை.

சாயங்காலம் ஒரு வேட்பாளர் தெருவுக்கு வந்தார். கும்பிட்டு "அம்மா, மறந்துராதீங்கம்மா" என்றார். என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

சந்தைக்குப் பணம் கொண்டுபோகிறவர்களைப் பறக்கும் படை வழியிலேயே பிடிக்கிறதாம். ஆட்டு வியாபாரிகள் பாடு திண்டாட்டம். அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பியிருப்பார். புலம்புகிற அன்றைக்கு ரெண்டு இட்லி கூடச் சாப்பிடுவார்.

ஏப்ரல் 2 – செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கு எண்ணெய் வந்து சேரவில்லை. வெயில். எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 6 – சனி

மத்தியானம் ஜீவிதா கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். எடுத்ததும் அழுகை. ஆஸ்பத்திரி வேலையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறிப்போனேன்.

"அம்மா, அப்பா டிவில வர்றாரும்மா."

என்ன உளறுகிறாள் இவள் என்று நினைத்தேன். வாட்ஸப்பில் லிங்க் அனுப்பினாள். பார்த்தேன்.

அவர்தான்.

டெல்லிப் பக்கத்து டிவி. நான் இதுவரை பார்த்தே இராத சேனல். கோட்டுப் போட்ட ஒருவன் கத்துகிறான், பக்கத்தில் அய்யலூர் சந்தை ஓடுகிறது. ஆடுகளுக்கு நடுவில் அவரும், பேகம்பூரில் பிரியாணிக்கடை வைத்திருக்கிற இஷாக் பாயும். ரெண்டு பேர் கையின் மேலும் ஒரு துண்டு. துண்டுக்குள் கை அசைகிறது. சிரிக்கிறார்கள். பாய் நோட்டுக் கட்டை எடுத்துக் கொடுக்கிறார், அவர் வாங்கி எச்சில் தொட்டு எண்ணுகிறார். அவர் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுத்து ஓடுகிறது. ஜீவிதா படித்துச் சொன்னாள்: தமிழ்நாட்டில் ஓட்டுக்குப் பணம், துண்டுக்குள் ரகசிய மொழி, போன வியாழக்கிழமை எடுத்த படம்.

போன வியாழக்கிழமையாம்.

துண்டு போட்டு விரல் பிடித்து விலை பேசுவது தமிழ்நாட்டில் எந்தச் சந்தையிலும் உள்ளதுதான். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியக்கூடாது, அவ்வளவே. ஒரு விரலைப் பிடித்தால் இவ்வளவு, ரெண்டைச் சேர்த்தால் இவ்வளவு. அவர் முப்பது வருஷம் தரகு பார்த்தது அப்படித்தான். அந்தத் துண்டின் கரை ஏதோ ஒரு கட்சிக்கொடி நிறமாம். வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது நான் எடுத்துக் கொடுத்த துண்டு அது. கரை அழுத்தமாக இருக்கிறது, சாயம் போகாது என்று வாங்கினேன்.

இது 2019 தீபாவளிக்கு முந்தின சந்தை. சந்தை சந்தையாகப் போய் வீடியோ போடுகிற ஒருவன் எடுத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "என்னைய சினிமா எடுத்துட்டான்டி" என்று ஒரே பெருமை. அப்போது ஜீவிதா தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. இப்போது தேடாமலே வந்து நிற்கிறது.

"அப்பாவத் திருடன்ங்கிறாங்கம்மா. ஏதாச்சும் பண்ணணும்" என்றாள்.

"பண்ணுவோம்" என்றேன்.

உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபமே வரவில்லை. இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது.

ஏப்ரல் 7 – ஞாயிறு

துணி துவைக்கவில்லை. வெஞ்சனம் வைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் குரல் இருக்கிறது அதில். கத்துகிறவன் மூச்சு வாங்கும் இடத்தில் கேட்கிறது. "பாய், மனசாட்சிப்படி சொல்லுங்க, இந்தக் கிடாய்க்கு இம்புட்டுத்தானா?" அதற்குக் கீழே அவர்கள் போட்டிருக்கிற எழுத்து, ஜீவிதா சொன்னபடி, ‘ஒரு வீட்டுக்கு எவ்வளவு?’ என்று. அப்புறம் வீடியோ எடுக்கிறவனைப் பார்த்து, "தள்ளி நில்லு அப்பு, ஆடு மிதிச்சிரும்." அதற்கு எழுத்து எதுவும் இல்லை. அதை என்னவென்று மாற்றுவது என்று அவர்களுக்கே தெரியவில்லை போல.

என்னிடம் அவர் குரல் கிடையாது. அவர் வைத்திருந்தது பட்டன் செல். அதுவும் கொரோனா ஆம்புலன்ஸ் கலவரத்தில் எங்கேயோ போய்விட்டது. போட்டோ இருக்கிறது, ரேஷன் கார்டில் ஒன்று, சுவரில் ஒன்று. குரலை எங்கே மாட்டுவது? பேச ஆரம்பிக்குமுன் லேசாகச் செருமுவார். அதை மறந்தே போயிருந்தேன். மறந்திருந்தேன் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

அவர் போன வாரம் அய்யலூரில் இருந்தார் என்று நாடு பூராவும் சொல்கிறது. லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் இல்லை என்று சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 8 – திங்கள்

இதை எழுதாமல் இருக்க முடியாது. கீழே ஜனங்கள் எழுதியிருப்பதை ஜீவிதா படித்துச் சொன்னாள். பிடித்து உள்ளே போடு, சுட்டுத் தள்ளு, தெற்கே இருக்கிறவன் எல்லாம் இப்படித்தான். பாய் தொப்பி போட்டிருப்பதால் அவருக்கு இன்னும் மோசம். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

பாயை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாயங்காலம்தான் விட்டார்களாம். நோன்பும் அதுவுமாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள் என்று பால்காரர் சொன்னார். பிரியாணிக்கடை பூட்டிக் கிடக்கிறது. திண்டுக்கல் பக்கமே வந்திராதவர்கள் எல்லாம் போனிலேயே கடைக்கு ஒற்றை ஸ்டார் போட்டுத் திட்டுகிறார்களாம்.

அந்த வீடியோவைப் போட்ட பையன் பயந்துபோய் அசலை அழித்துவிட்டான். இப்போது இருப்பதெல்லாம் சிவப்பு வட்டம் போட்டதுதான். "சேவ் பண்ணித் தரவாம்மா?" என்றாள் ஜீவிதா. அந்த எழுத்தோடு வேண்டாம் என்றேன். திருடன் என்று முகத்தில் எழுதி எனக்கு எதற்கு?

வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி அந்த டிவிக்காரனின் லிங்க்கிலேயே போய்ப் பார்த்தேன். என்னை என்ன சொல்வது.

ஏப்ரல் 9 – செவ்வாய்

இதை எப்படி எழுதுறது.

இன்றைக்கு அரசு விடுமுறை, வீட்டில் இருந்தேன். பதினோரு மணிவாக்கில் எலக்‌ஷன் டூட்டி அதிகாரி ஒருவரும் போலீஸ்காரர் ஒருவரும் வந்தார்கள். பின்னால் கேமராவோடு ஒருவன். அவன் யாரென்று நான் கேட்கவில்லை, அவர்களோடு வந்தவன் என்று நினைத்தேன்.

"நல்லுசாமி வீடு இதானம்மா? அவர் எங்க?"

மூன்று வருஷத்தில் யாரும் என்னிடம் அவர் எங்கே என்று கேட்டதில்லை. கேட்கும்படியான ஆள் ஒருத்தரும் ஊரில் இல்லை. எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்வி வந்ததும் என் வாய் பழையபடியே—

"சந்தைக்குப் போயிருக்காரு" என்றேன்.

சொல்லிட்டேன். வேணும்னு சொல்லல. அம்புட்டு நாள் அதைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன். யார் வந்து கேட்டாலும் அதுதானே பதில். சொன்ன உடனே நெஞ்சுக்குள்ள ஒரு குளுமை. செத்த நேரம்தான். நிசமாவே போயிருக்காரு, சாயங்காலம் வந்துருவாருங்கிற மாதிரி.

"எப்ப வருவாரு?"

"தெரியல" என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அய்யலூரில் ஏது ஆட்டுச் சந்தை? அதுகூடத் தோன்றவில்லை எனக்கு. அவர்களுக்கும் தோன்றவில்லை.

ஏப்ரல் 10 – புதன்

நானும் டிவியில் வந்துவிட்டேன். முக்கியக் குற்றவாளி தலைமறைவு, காட்டிக்கொடுத்த மனைவி என்று. நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிறேன். அந்தத் துண்டிலும் ஏதாவது கட்சி தெரிகிறதா என்று தேடுவார்கள்.

ஜீவிதா: "ஏம்மா அப்படிச் சொன்ன?" திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். "ஏம்மா?" கடைசியில் என்னாலும் தாங்க முடியவில்லை. "உனக்கு அப்பா, எனக்கு யாருடி?" என்று போனை வைத்துவிட்டேன். பதில் அதுவா? அதற்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம்?

ஹெச்.எம். பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்.

ஏப்ரல் 11 – வியாழன்

ரம்ஜான். வருஷா வருஷம் மத்தியானத்துக்குள் பாய் வீட்டிலிருந்து பிரியாணித் தூக்கு வந்துவிடும். இந்த வருஷம் வரவில்லை. எதிர்பார்க்கவும் எனக்கு முகம் இல்லை.

நாலு மணிக்கு பாய் மனைவி நுஸைபா வந்தாள். பெருநாளைக்குப் புதுச்சேலை கட்டவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவரு முத நாளே சொல்லிட்டாருக்கா, நல்லுசாமி அண்ணன் மௌத்தாகி மூணு வருசம் ஆகுதுன்னு. நானே தூக்கிட்டுப் போனேன்னு சொன்னாரு. அவங்களும் சரி, விசாரிக்கிறோம்னு அனுப்பிச்சாங்க. இப்பத் திரும்பக் கூப்புட்டு, சம்சாரமே உசுரோட இருக்காருங்குது, நீ பொய் சொல்றியான்னு கேக்குறாங்க. செத்தவர எங்கக்கா போயித் தேடுறது?"

அது அப்படியே உண்மை. அந்த மே மாதம் எங்கள் சொந்தத்தில் ஒருத்தர் வரவில்லை. தம்பி தெருமுனையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். இஷாக் பாயும் அவர் ஜமாஅத்துப் பையன்களும்தான் பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு அவரைத் தூக்கினார்கள். மயானத்தில் கடைசி வரை நின்றவர் பாய். என்னைக்கூட விடவில்லை. நான் பார்க்காததைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். அவரைப் பொய்யன் ஆக்கியிருக்கிறேன், என் வாயால்.

"உங்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்குப் பொழப்பு போகுது" என்றாள் நுஸைபா. குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாளைக்கே அங்க போயிச் சொல்லிர்றேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 12 – வெள்ளி

இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு வீட்டுக்கு வந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன். அதிகாரி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழம சந்தைக்குப் போயிருக்காருன்னீங்க. வெள்ளிக்கிழம செத்துட்டாருன்னு வந்து நிக்கிறீங்க."

"ஆமாங்க சார்."

"கவர்மெண்டு வேலையில இருக்கீங்க. இப்படிப் பேசலாமா?"

"வாய் தவறிருச்சு சார்." வேறு எப்படிச் சொல்வது? அவருக்கு வீட்டில் ஆள் இருக்கிறது.

நல்ல மனுஷன்தான். நகல் வாங்கிக்கொண்டார். இஷாக்கை இனிக் கூப்பிட மாட்டோம் என்றார். "ஆனா டிவிக்காரன் எங்க பேச்சக் கேக்க மாட்டான்மா. வெளிய பரவுனத நாங்க ஒண்ணும் செய்ய முடியாது."

கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். ஷட்டருக்கு முன்னால் ரெண்டு பேர் துண்டைக் கையில் போட்டு விரலைப் பிடித்து செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான்.

சென்னையில் அறிவுச்செல்வி என்று ஒரு பெண், இணையத்தில் வருவது மெய்யா பொய்யா என்று பார்த்து எழுதுகிற வேலையாம். நாலு நாளாக ஜீவிதாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு என்னிடம் பேசினாள். "அசல் வீடியோ அழிஞ்சிருச்சும்மா. பழசுன்னு காட்ட வேற ஒண்ணும் கைல இல்ல. சான்றிதழ் போதும்தான். ஆனா நீங்க சொன்னது அம்புட்டுப் பேரும் பாத்துட்டாங்க. நீங்களே ஒரு வார்த்தை சொன்னாத்தான் அது மாறும்."

"நான் சொன்னா அந்த வீடியோவ எடுத்துருவாங்களா?"

"எடுக்க வச்சிருவோம்மா" என்றாள், என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து.

ஏப்ரல் 13 – சனி

காலையில் கடைசியாகப் பார்த்தேன். சத்தத்தை முழுதாக வைத்து. செருமல், கிடாய், சிரிப்பு, தள்ளி நில்லு அப்பு. சிவப்பு வட்டத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பார்த்தால் முகமும் மறைந்துவிடுகிறது.

பத்து மணிக்கு அறிவுச்செல்வி வீடியோ காலில் வந்தாள். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று நேற்றே மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்தால், "அவர் போயிட்டாரு" என்றுதான் வருகிறது. "எங்கம்மா போயிட்டாரு? கேக்கறவங்க ஓடிப் போயிட்டாருன்னு எடுத்துக்குவாங்க" என்றாள். "அவரு இப்ப இல்ல" என்றேன். "ஊர்ல இல்லைன்னு ஆயிரும்மா" என்றாள். பொறுமையான பெண். அவள்மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

மூன்று வருஷமாக அந்த வார்த்தையைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்திருக்கிறேன். பென்ஷன் ஆபீசில்கூடத் தாளை நீட்டினேனே தவிரச் சொல்லவில்லை.

சொன்னேன். "என் வீட்டுக்காரர் நல்லுசாமி. ஆட்டுத் தரகர். 2021 மே மாசம் கொரோனால செத்துட்டாரு. இஷாக் பாய்தான் தூக்கிட்டுப் போயி எரிச்சாரு. அவரு சொன்னது நெசம். சந்தைக்குப் போயிருக்காருன்னு நான் சொன்னது பொய்."

"போதும்மா" என்றாள் அறிவுச்செல்வி. அவள் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. நான் அழவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், சுத்தமாக இருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்துத் தேய்த்தேன்.

ஏப்ரல் 14 – ஞாயிறு

சித்திரை ஒன்று. அறிவுச்செல்வியின் செய்தி வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் பெரிய பத்திரிகைக்காரர்கள் ரெண்டு மூன்று பேரும் போட்டுவிட்டார்களாம். டெல்லிக்காரன் மன்னிப்புக் கேட்கவில்லை. சத்தமில்லாமல் எடுத்துவிட்டான்.

ஜீவிதா கூப்பிட்டு, "ஜெயிச்சிட்டோம்மா" என்றாள். புதன்கிழமைச் சண்டையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அப்புறம் அந்த லிங்க்கைத் தொட்டுப் பார்த்தேன். கறுப்பாக ஒரு கட்டம், இந்த வீடியோ இப்போது இல்லை என்று. ரெண்டாந்தரமும் அவரை நானே அனுப்பிவைத்த மாதிரி இருக்கிறது. முதல் தரம் வாசலில் நிற்கவாவது விட்டார்கள்.

ஏப்ரல் 15 – திங்கள்

கடை திறந்துவிட்டது. தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 19 – வெள்ளி

ஓட்டு. விடியுமுன் இருந்து அடுப்படி. பூத் ஆட்களுக்குப் பொங்கல், மத்தியானம் சாம்பார் சாதம். காரம் குறைத்துத்தான் போட்டேன். ஒரு மேடம் வந்து ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்த நேரம். இஷாக் பாய் ஓட்டுப் போட்டுவிட்டு மையை ஊதிக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன்.

"விடு தங்கச்சி" என்றார். "எங்கிட்டக் கேட்டிருந்தாலும் சந்தையிலதான் இருக்காருன்னு சொல்லிருப்பேன் போல. இப்பயும் அய்யலூர் போனா கண்ணு தேடுது."

மோர் கொடுத்தேன். வேப்பமரத்தடியில் நின்று குடித்தார். எனக்கு ஒன்று கேட்க வேண்டும் போலவே இருந்தது. இத்தனை பேர் அந்தத் துண்டுக்குள் என்ன என்று கதை கட்டினார்களே. தெரிந்தவர் இவர் ஒருத்தர்தானே.

"அண்ணே, அன்னைக்குத் துண்டுக்குள்ள என்ன வெல சொன்னாரு?"

பாய் தம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகி, அப்புறம் சிரிப்பு வந்தது.

"வெல ஏது? வெல அதுக்கு முன்னமே முடிஞ்சிருச்சு. அந்த வீடியோக்காரத் தம்பி, துண்டு போட்டுப் பேசுறத ஒருக்காக் காட்டுங்கன்னுச்சு. சும்மா கைய வச்சோம். ஒன் புருசன் உள்ள எனக்கு உள்ளங்கையில கிச்சுக்கிச்சு மூட்டுறான். வெளிய ஒண்ணுந் தெரியாதவனாட்டம் மொகத்த வச்சுக்கிட்டு மனசாட்சிங்கிறான். என்னால சிரிப்ப அடக்க முடியல."

டெல்லியில் ஆறு பேர் உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்கம் சொன்ன ரகசிய மொழி.

நானும் சிரித்தேன். பூத்துக்குள் இருந்த போலீஸ்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. பாய் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மே 6 – திங்கள்

நினைவு நாள். கும்பிட்டாயிற்று. ஜீவிதா வந்து போனாள். மத்தியானம் பேகம்பூரில் இருந்து பிரியாணித் தூக்கு வந்தது.

மே 21 – செவ்வாய்

ஜீவிதா ஒன்று அனுப்பினாள். "கோவப்படாத. திரும்ப வந்துருச்சு."

வடக்கே இன்னும் ஓட்டு முடியவில்லை. இந்தத் தடவை அவர் அங்கே ஓட்டு நடக்கிற ஏதோ ஒரு ஊரில் இருக்கிறாராம். நேற்று எடுத்ததாம். சுற்றிலும் நம்ம ஊர்ச் செம்மறிகள். சத்தத்தை எடுத்துவிட்டு மேலே யாரோ ஒருவன் இந்தியில் பேசுகிறான். வாய் அசைகிறது, கிடாய் என்கிற இடம் எனக்குத் தெரிகிறது. சிவப்பு வட்டம் இல்லை. முகம் முழுதாக இருக்கிறது.

சிரிக்கிற இடம் வந்தது. இப்போது எனக்குத் தெரியுமே. துண்டையே பார்த்தேன். துளிதான் அசைகிறது. இந்தாள் ஐம்பது வயசில் செய்கிற வேலையா இது.

அப்புறம் ஜீவிதா சொல்லிக் கொடுத்தபடி புகார் எழுதும் இடத்துக்குப் போய், நானே தமிழில் எழுதினேன்: ‘இதில் இருப்பவர் என் கணவர் நல்லுசாமி, திண்டுக்கல். 2021 மே மாதம் இறந்துவிட்டார். இது பொய்.’ அனுப்பினேன். அறிவுச்செல்விக்கும் சொன்னேன். ரெண்டு நாளில் எடுத்துவிடுவார்கள் என்றாள்.

ராத்திரிச் சாப்பாடு ஆனதும் ஜீவிதாவைக் கூப்பிட்டு, அடுத்து எந்த ஊரில் ஓட்டு என்று கேட்டேன்.

"எதுக்கும்மா?" என்றாள்.

சும்மாதான் என்றேன்.